பெலாருஸ்: ஒரு பெயரும் அதைச் சுமந்த அமைச்சரும்

1991 செப்டம்பர் 19 அன்று மின்ஸ்க் நகரில் கூடிய உச்ச சோவியத் தன் நாட்டின் பெயரை மாற்றிச் சட்டம் இயற்றியது. பெலோருசிய சோவியத் சோஷலிசக் குடியரசு அன்றுமுதல் ‘பெலாருஸ் குடியரசு’ ஆயிற்று. சுருக்கப் பெயர் ‘பெலாருஸ்’. அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது: இந்தப் பெயரைப் பிற மொழிகளில் எழுதும்போது பெலாருசிய மொழியின் ஒலிப்பைப் பின்பற்றியே ஒலிபெயர்க்க வேண்டும். நாடுகள் பெயர் மாற்றிக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் தன் பெயரைப் பிறர் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவைக்கும் நாடு, அந்த ஒலிக்காக வெகுகாலம் போராடியிருக்க வேண்டும்.

அந்தப் பெயரை உலகத்தின் முன்வைக்கும் பொறுப்பு அப்போது வெளியுறவு அமைச்சராயிருந்த பியோத்தர் கிராவ்சன்காவிடம் வந்தது. 1950-இல் பிறந்தவர், வரலாறு படித்தவர், மின்ஸ்க் நகரக் கட்சிக் குழுவில் செயலாளராக இருந்து 1990 ஜூலையில் அமைச்சரானவர். சோவியத் குடியரசு ஒன்றின் அமைச்சராகப் பதவியேற்றவர், அதே நாற்காலியில் இருந்தபடியே தனிநாடு ஒன்றின் அமைச்சரானார். அவர் பொதுவாழ்வில் செய்தவற்றுள் இன்றும் மாறாமல் நிற்பது எது என்று பார்த்தால், விடை அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஆகவே பெயரிலிருந்தே தொடங்குவோம்.

பெல் என்னும் வேர்

பெலாருஸ் இரு சொற்களின் கூட்டு. முற்பகுதி ‘பெல்’, ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றிலும் வெண்மையைக் குறிக்கும் வேர் இது. செர்பியத் தலைநகரான பெல்கிரேடின் பெயரிலும் இதே வேர்தான். அந்நகரின் பெயருக்கு வெண்ணகர் என்று பொருள். பிற்பகுதி ‘ருஸ்’. இரண்டையும் சேர்த்தால் ‘வெள்ளை ருஸ்’.

இதில் குழப்பம் எல்லாம் ‘ருஸ்’ என்ற சொல்லால் வந்தது. ருஸ் வேறு, ரஷ்யா வேறு. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை கீவ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்கிய அரசுக்கும் அதன் மக்களுக்கும் ‘ருஸ்’ என்று பெயர். 839-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லும் ஒரு லத்தீன் ஆண்டுக்குறிப்பிலேயே ‘ரோஸ்’ என்ற மக்கள் வருகிறார்கள். அவர்கள் ஸ்வீடர்கள் என்று விசாரணையில் தெரிந்ததாக அக்குறிப்பு சொல்கிறது. ஃபின்லாந்து மொழியில் ஸ்வீடனுக்கு இன்றும் ‘ருவோட்சி’ என்றே பெயர். படகில் துடுப்பு வலித்து வந்த வடநாட்டாரைக் குறித்த பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லே ‘ருவோட்சி’க்கும் ‘ருஸ்’ஸுக்கும் மூலம் என்பது மொழியியலாளர் பலரும் ஒப்பும் கருத்து. துடுப்பு வலித்தவர்களின் பெயர் அவர்கள் ஆண்ட நிலத்துக்கு ஆகி, பிறகு அங்கே வாழ்ந்த ஸ்லாவிய மக்கள் அனைவருக்கும் ஆயிற்று.

‘ரஷ்யா’ என்று நாம் சொல்லும் பெயரின் வழி வேறு. பைசாந்தியக் கிரேக்கர்கள் ருஸ் நாட்டை ‘ரோசியா’ என்று எழுதினார்கள். மாஸ்கோ அரசு வலுப்பெற்றபோது அந்தக் கிரேக்க வடிவத்தையே தனக்கு எடுத்துக்கொண்டது. 1721-இல் முதலாம் பீட்டர் அதைப் பேரரசின் பெயராக்கினார். ஆக, ருஸ் என்பது மூலப்பெயர். அதன் கிரேக்க வடிவம் அதன் வாரிசுகளுள் ஒருவரிடம் சேர்ந்தது. பெலாருசிய மொழியில் ரஷ்யாவுக்கு ‘ரசியா’ என்று தனிச்சொல் இருக்கிறது. தன் நாட்டின் பெயரில் உள்ள ருஸ்ஸையும் அண்டை நாடான ரசியாவையும் ஒரு பெலாருசியர் குழப்பிக்கொள்வதே இல்லை. ‘வெள்ளை ரஷ்யா’ என்று மொழிபெயர்க்கும் பிற மொழிக்காரர்கள்தான் குழப்பிக்கொள்கிறார்கள்.

வெள்ளை எதற்கு?

வெள்ளை ருஸ் மட்டும் இருந்ததில்லை. கறுப்பு ருஸ் இருந்தது. இன்றைய பெலாருஸின் மேற்கே நவஹ்ருதக், ஹ்ரோத்னா பகுதிகளுக்கு அந்தப் பெயர். சிவப்பு ருஸ்ஸும் இருந்தது. இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரைச் சூழ்ந்த கலீசியா அது.

வெண்மைக்குக் காரணம் சொன்னவர்கள் பலர். மங்கோலியருக்குத் திறை கட்டாத நிலம் என்பதால் வெள்ளை என்றார்கள் சிலர். மக்கள் உடுத்திய வெளுத்த நாருடை காரணம் என்றார்கள் சிலர். வெளிறிய தலைமுடி, முதலில் கிறித்துவம் தழுவிய நிலம் என்றெல்லாமும் காரணங்கள் வந்தன. ஸ்டெப்பி நாடோடி மக்கள் திசைகளுக்கு நிறம் வைத்து அழைத்த வழக்கம் உண்டு. அந்த முறையில் வெள்ளை மேற்கைக் குறிக்கும் என்பது இன்னொரு விளக்கம். ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர் உண்டு, எதுவும் நிறுவப்படவில்லை. சொல்லாராய்ச்சியில் அழகான விளக்கத்தை நம்பிவிடும் ஆசை எப்போதும் இருக்கும். இங்கே அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே நேர்மை.

காரணம் தெளிவில்லாவிட்டாலும் பெயரின் நடமாட்டம் தெளிவாக இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் லத்தீன் எழுத்துகளிலேயே ‘ஆல்பா ருஸ்சியா’ தென்படுகிறது. ஆனால் அது சுட்டும் இடம் நிலையாக இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய வரைபடங்களில் அது மாஸ்கோ, நோவ்கொரோட் பக்கம் போய்விடுகிறது. போலந்து வரலாற்றெழுத்தாளர் சார்ன்கோவின் யான், 1381-இல் லித்துவேனியக் கோமகன் யகைலா சிறைவைக்கப்பட்டதைச் சொல்லும்போது போலத்ஸ்க் கோட்டையை வெள்ளை ருஸ்ஸில் உள்ளதாகக் குறிக்கிறார். போலத்ஸ்க் இன்றைய பெலாருஸின் வடக்கே, தஸ்வினா ஆற்றங்கரையில் இருக்கும் மிகப் பழைய நகரம். பதினேழாம் நூற்றாண்டுக்குள் பெயர் போலத்ஸ்க், வீத்தெப்ஸ்க், மஹிலியோவ் பகுதிகளில் நிலைகொண்டுவிட்டது.

ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் தங்களை என்ன சொல்லிக்கொண்டார்கள்? போலத்ஸ்கில் பிறந்து 1517-இல் பிராகா நகரில் முதல் நூலை அச்சிட்ட பிரான்ஸிஸ்க் ஸ்கரினாவைப் பாருங்கள். கிராக்கோ பல்கலைக்கழகப் பதிவேட்டில் அவர் லித்துவேனியர். படுவா பல்கலைக்கழகப் பதிவேட்டில் அவர் ருத்தேனியர், அதாவது ருஸ் இனத்தவர். இரண்டும் பொய் இல்லை. லித்துவேனியப் பெருங்கோமகனரசின் குடிமகன் என்ற வகையில் ‘லிட்வின்’. மொழியும் சமயமும் கேட்டால் ‘ருஸ்’. ‘வெள்ளை ருஸ் நாட்டவன்’ என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டவர்களில் இப்போது அறியப்பட்ட முதல் ஆள் சலமோன் ரிசின்ஸ்கி. 1586-இல் ஜெர்மனியின் ஆல்ட்டார்ஃப் கல்விச்சாலையில் சேரும்போது அவர் தன் பெயரோடு ‘லியூக்கோருஸ்ஸுஸ்’ என்று எழுதினார். கிரேக்கத்தில் ‘லியூக்கோஸ்’ வெள்ளை. அயலூர்ப் பதிவேடு ஒன்றில், ஒரு மாணவர் கைப்பட எழுதிய அந்த ஒற்றைச் சொல்தான் இந்தப் பெயரின் உரிமைப் பத்திரங்களுள் மூத்தது.

பறித்ததும் மீட்டதும்

பிறகு பெயர் அரசர்கள் கைக்குப் போயிற்று. 1655-இல் ஜார் அலெக்சேய் மிகாய்லோவிச் தன் பட்டத்தில் பெரிய, சிறிய, வெள்ளை ரஷ்யாக்கள் அனைத்துக்கும் தலைவன் என்று சேர்த்துக்கொண்டார். இங்கே ‘ருஸ்’ நழுவி ‘ரஷ்யா’ நுழைவதைக் கவனிக்க வேண்டும். 1772, 1793, 1795 ஆண்டுகளில் நடந்த போலந்துப் பிரிவினைகளால் நிலம் முழுவதும் ரஷ்யப் பேரரசுக்குள் வந்தது. முதலில் ‘பெலோருசிய மாகாணம்’ என்ற பெயர் அரசு ஏட்டில் இடம்பெற்றது. 1840-இல் முதலாம் நிக்கோலாய் அந்தப் பெயரை ஆவணங்களிலிருந்து விலக்க ஆணையிட்டார். நிலம் வீத்தெப்ஸ்க் மாகாணம், மஹிலியோவ் மாகாணம் என்று துண்டுகளாகி, மொத்தமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வடமேற்குப் பிரதேசம்’ ஆயிற்று. ஒரு நாடு திசையின் பெயராகச் சுருங்கியது.

அரசு பெயரை விலக்கினால் மக்கள் எதைச் சொல்வார்கள்? ‘துதெய்ஷியா’ என்றார்கள், இவ்விடத்தார் என்று பொருள். இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நீ யார் என்று கேட்டவர் எல்லாரும் வரி வாங்கவோ படைக்கு ஆள் பிடிக்கவோ சமயம் மாற்றவோ வந்தவர்களாக இருக்கும்போது, இவ்விடத்தார் என்பதே பாதுகாப்பான விடை. 1931-இல் போலந்து எடுத்த மக்கள்தொகைக் கணக்கில்கூட, பலேசியே மாநிலத்தில் மட்டும் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் தம் தாய்மொழி ‘இவ்விடத்து மொழி’ என்றே பதிந்தார்கள். பெலாருசியக் கவிஞர் யாங்கா குபாலா ‘துதெய்ஷியா’ என்ற தலைப்பிலேயே 1922-இல் ஒரு நாடகம் எழுதினார்.

இவ்விடத்தாரைப் பெலாருசியர் ஆக்கியது கவிஞர்களும் செய்தித்தாள்களும்தான். பிரான்ஸிஷக் பஹுஷேவிச் 1891-இல் கிராக்கோவில் புனைபெயரில் வெளியிட்ட ‘பெலாருசியக் குழல்’ என்ற கவிதைத் தொகுதியின் முன்னுரையில், பெலாருஸ் எங்கே இருக்கிறது என்று தன் மக்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 1906-இல் வில்னியுஸ் நகரில் தொடங்கிய ‘நாஷா நீவா’ இதழ் வாராவாரம் அந்தப் பெயரைக் கிராமங்களுக்குக் கொண்டுபோயிற்று. 1918 மார்ச் 25 அன்று பெலாருசிய மக்கள் குடியரசு சுதந்திரம் அறிவித்தது. சில மாதங்களே நிலத்தில் நின்ற அந்த அரசின் மன்றம் இன்றும் அயல்நாட்டில் இயங்குகிறது. அதன் தலைவர்களுள் ஒருவரான வாத்ஸ்லாவ் லஸ்தோவ்ஸ்கி, ருஸ் என்ற சொல் இருக்கும்வரை ரஷ்யாவின் நிழல் விழும் என்று அஞ்சி, பழங்குடியான கிரிவிச்சிகளின் பெயரால் ‘கிரிவியா’ என்று நாட்டை அழைக்கலாம் என்றார். அறிஞரின் அந்தச் சொல் மக்கள் வாயில் ஏறவில்லை. அதற்குள் பெலாருஸ் அவர்கள் சொல்லாகிவிட்டிருந்தது.

ஓர் அகரத்தின் கதை

பெலாருஸ் என்பதில் ‘லா’ வருவது ஏன்? பெலோருசியாவில் ‘லோ’ வருவது ஏன்? இந்த ஓர் உயிரெழுத்தில்தான் வழக்கின் சாரம் இருக்கிறது.

கிழக்கு ஸ்லாவியப் பேச்சில், அழுத்தம் விழாத இடத்தில் வரும் ‘ஓ’ அகரமாக ஒலிக்கும் வழக்கம் உண்டு. ரஷ்ய மொழியிலும் உண்டு, பெலாருசிய மொழியிலும் உண்டு. வேறுபாடு எழுத்தில். ரஷ்யர்கள் தம் தலைநகரை ‘மஸ்க்வா’ என்று சொல்லிவிட்டு ‘மொஸ்க்வா’ என்று எழுதுவார்கள். பெலாருசியர்கள் ‘மஸ்க்வா’ என்று சொல்லி ‘மஸ்க்வா’ என்றே எழுதுவார்கள். காதில் விழுவதை எழுத வேண்டும் என்பது பெலாருசிய எழுத்துமுறையின் அடிப்படை விதி. எனவே ‘பெலா’ என்பது பெலாருசியர் வாயும் கையும் ஒன்றுபட்ட வடிவம். ‘பெலோ’ என்பது ரஷ்ய எழுத்துமரபின் வடிவம்.

அமைச்சரின் குடும்பப் பெயரிலும் இதே கதை இருக்கிறது. ரஷ்ய ஆவணங்களில் அவர் ‘கிராவ்சென்கோ’. பெலாருசிய ஆவணங்களில் ‘கிராவ்சன்கா’. இறுதியில் உள்ள ‘கோ’, அழுத்தமில்லாத இடமாதலால் ‘கா’ ஆகிறது. நடுவில் உள்ள ‘சென்’ அதே காரணத்தால் ‘சன்’ ஆகிறது. பெலோ என்பதைப் பெலா ஆக்கிய விதிதான் கிராவ்சென்கோவைக் கிராவ்சன்கா ஆக்கியது. இன்றைய அதிபரின் பெயரும் அப்படியே: ரஷ்யத்தில் லுகஷென்கோ, பெலாருசியத்தில் லுகஷென்கா.

இன்னும் ஒன்று. கிராவ்சன்காவில் நாம் ‘வ்’ என்று எழுதும் ஒலிக்குப் பெலாருசிய மொழியில் தனி எழுத்து உண்டு: உகரத்தின் தலையில் பிறைக்கீற்று வைத்த வடிவம். அதன் பெயர் ‘அசையாகாத உகரம்’. முழு உயிராக நில்லாமல் முன்னெழுத்தோடு ஒட்டிக் குறுகி ஒலிக்கும் இந்த உகரம், நம் குற்றியலுகரத்தைத் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். ரஷ்ய அரிச்சுவடியில் இந்த எழுத்து இல்லை. பெலாருசியர்கள் இதன்மீது எவ்வளவு பற்றுக் கொண்டவர்கள் என்றால், 2003-இல் போலத்ஸ்க் நகரில் இந்த ஓரெழுத்துக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

கிராவ்சன்கா என்ற பெயரின் வேர் பெரும்பாலும் ‘கிராவெத்ஸ்’. தையற்காரர் என்று பொருள். வெட்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல். சோவியத் ஒன்றியத்தைக் கலைத்த கூட்டத்துக்கு உக்ரைன் சார்பில் வந்திருந்த அதிபர் லெயானித் கிராவ்சுக்கின் பெயருக்கும் இதே வேர்தான். தொழிற்பெயரோடு ‘உக்’ சேர்ந்தால் ஒரு குடும்பம், ‘அன்கா’ சேர்ந்தால் இன்னொரு குடும்பம். எல்லைக்கு இருபுறமும் ஒரே கைத்தொழிலில் பிறந்த பெயர்கள் அவை.

பெயர்ப்பலகைக்குப் பின்னால்

உலக அரங்கில் இந்த நாட்டின் பெயர் முதலில் ஏறியது 1945-இல். ஐக்கிய நாடுகள் அமைப்பைத் திட்டமிட்டபோது சோவியத் ஒன்றியம் தன் குடியரசுகள் பதினாறுக்கும் தனித்தனி இடம் கேட்டது. யால்டாவில் பேரம் படிந்து, உக்ரைனுக்கும் பெலோருசியாவுக்கும் மட்டும் இடம் கிடைத்தது. போரில் மக்களில் நான்கில் ஒருவரை இழந்ததாகக் கணக்கிடப்படும் நாடு அது. அந்த இழப்பே இடம் கேட்பதற்கான வாதமாகவும் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1945 ஜூன் 26 அன்று பெலோருசியாவின் சார்பில் சாசனத்தில் கையெழுத்திட்டவர் கூஸ்மா கிசெல்யோவ். 1944 முதல் 1966 வரை அவரே வெளியுறவுத் துறைத் தலைவர். அவருக்குப் பின் அனத்தோலி குரினோவிச் 1990 வரை.

இருவரும் வகித்த பதவி விசித்திரமானது. ஐ.நா.வில் நாற்காலி உண்டு, வாக்கு உண்டு. 1974, 1975 ஆண்டுகளில் பாதுகாப்பு மன்றத்தில் இடமும் உண்டு. ஆனால் வேறொரு நாட்டின் தலைநகரில் சொந்தத் தூதரகம் கிடையாது. மாஸ்கோவின் வாக்கே மின்ஸ்க்கின் வாக்கு. நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்தப் பெயர்ப்பலகை இருந்த மேசையில் நாடு இருக்கவில்லை. ஆயினும் பலகை இருந்தது. பின்னால் அது எவ்வளவு பெரிய மூலதனம் என்பது தெரியவந்தது.

வெளியுலகுக்கு ‘பெலாருஸ்’ என்ற சரியான ஒலியை முதலில் கொண்டுபோனது ஒரு தூதரும் அல்லர், டிராக்டர். 1946-இல் நிறுவப்பட்ட மின்ஸ்க் டிராக்டர் ஆலையின் வண்டிகள் ‘பெலாருஸ்’ என்ற பெயரோடு பல நாடுகளுக்குப் போயின. ஐ.நா. பட்டியலில் ‘பைலோரஷ்யா’ என்ற ஆங்கில வடிவம் இருந்த காலத்திலேயே அமெரிக்க வயல்களில் பெலாருஸ் உழுதுகொண்டிருந்தது.

கிராவ்சன்கா பதவிக்கு வந்த 1990 ஜூலையில், 27-ஆம் தேதி, நாடு தன் இறைமையை அறிவித்தது. அவ்வாண்டு ஜனவரியிலேயே பெலாருசிய மொழியை அரசு மொழியாக்கும் சட்டம் வந்துவிட்டது. ஐ.நா.வில் அவர் கையிலெடுத்த முதல் பெரும் வழக்கு செர்னோபில். 1986 ஏப்ரல் 26-இல் வெடித்த அணு உலை உக்ரைனில் இருந்தாலும், கதிரியக்கத் துகள்களின் பெரும்பங்கு எல்லைக்கு இப்பால் பெலாருஸின் ஹோமெல், மஹிலியோவ் பகுதிகளில் வீழ்ந்தது. நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாசுபட்டது. 1990 டிசம்பரில் பொது அவை, செர்னோபில் விளைவுகளைத் தணிக்கப் பன்னாட்டு ஒத்துழைப்புக் கோரும் 45/190 எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றியது. நாற்பத்தைந்து ஆண்டுகள் பிறர் குரலுக்குப் பயன்பட்ட நாற்காலி தன் மக்களின் துயரத்தைப் பேசத் தொடங்கியது.

1991 செப்டம்பர் 17 அன்று எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் ஐ.நா.வில் புதிய உறுப்பினர்களாகச் சேர்ந்தன. இரண்டு நாள் கழித்து, பெலாருஸ் எந்த விண்ணப்பமும் போடாமல் ஒரு அறிவிப்பை மட்டும் தந்தது: எங்கள் பெயர் இனி பெலாருஸ். ஏற்கெனவே தொடக்க உறுப்பினர் என்பதால் வாக்கெடுப்புக்கு வேலை இல்லை. ஆங்கில அகரவரிசையில் புருண்டிக்குப் பின்னால் இருந்த நாடு, பார்படோஸுக்கும் பெல்ஜியத்துக்கும் நடுவே வந்து அமர்ந்தது. கிசெல்யோவ் போட்ட கையெழுத்தின் பலனைக் கிராவ்சன்கா அறுவடை செய்தார் என்றே சொல்ல வேண்டும்.

விஸ்குலியில் ஓர் இரவு

அந்தப் பெயருக்கு மூன்று மாதம்கூட நிரம்பவில்லை. 1991 டிசம்பர் 7 அன்று, போலந்து எல்லையை ஒட்டிய பெலவேஷா பெருங்காட்டில், விஸ்குலி என்ற அரசு வேட்டை மாளிகையில் மூன்று குடியரசுகளின் தலைவர்கள் கூடினார்கள். ரஷ்யாவிலிருந்து எல்த்சினும் புர்புலிஸும், உக்ரைனிலிருந்து கிராவ்சுக்கும் ஃபோக்கினும், பெலாருஸிலிருந்து ஷுஷ்கேவிச்சும் கேபிச்சும். வெளியுறவு அமைச்சர் என்ற முறையில் கிராவ்சன்கா பெலாருஸ் குழுவில் இருந்து உடன்பாட்டு வாசகத்தைத் தயாரிப்பதில் பங்கேற்றார். வந்தவர்கள் இவ்வளவு பெரிய ஆவணம் எழுதும் ஆயத்தத்தோடு வரவில்லை. காட்டுப் பாதுகாப்பகத்தின் அலுவலகத்திலிருந்து ஒரு செயலாளரை வரவழைத்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

மறுநாள் கையெழுத்தான உடன்பாடு, சோவியத் ஒன்றியம் பன்னாட்டுச் சட்டத்தின் முன் இல்லாமற்போனதை அறிவித்தது. அதன் முதல் வரியில் கையெழுத்திடும் நாடுகளின் பெயர்கள் அகரவரிசையில் வருகின்றன. முதலில் நிற்பது பெலாருஸ் குடியரசு. பிறகு ரஷ்யக் கூட்டமைப்பு. பிறகு உக்ரைன். முப்பது கோடிக்குச் சற்றே குறைவான மக்கள் வாழ்ந்த ஒரு வல்லரசை முடித்துவைத்த ஆவணத்தில் முன்வரிசையில் நின்றது, செப்டம்பரில்தான் சட்டத்தில் ஏறிய அந்தப் பெயர். அதுவும் ரஷ்ய மொழி வாசகத்திலேயே ‘பெலாருஸ்’ என்று, அகரத்தோடு.

அடுத்த வசந்தத்தில் பெயருக்கு இன்னும் கனமான வேலை வந்தது. சோவியத் அணு ஏவுகணைகள் நான்கு நாடுகளில் சிதறிக் கிடந்தன. பெலாருஸில் மட்டும் சாலையில் நகரும் வகை ஏவுகணைகள் 81 இருந்தன. 1992 மே 23 அன்று லிஸ்பனில், பெலாருஸை அணு ஆயுதமற்ற நாடாக்கும் உறுதிமொழியில் தன் நாட்டின் சார்பில் கையெழுத்திட்டவர் கிராவ்சன்கா. அமெரிக்கா சார்பில் ஜேம்ஸ் பேக்கரும் ரஷ்யா சார்பில் கோசிரெவும் அதே தாளில் இருக்கிறார்கள். 1993-இல் பெலாருஸ் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1996 நவம்பரில் கடைசி ஏவுகணையும் நாட்டைவிட்டுப் போயிற்று. ஒரு புதிய பெயர் மதிப்புப் பெறுவது அது எதன்கீழ் கையெழுத்தாக நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பெலாருஸ் என்ற பெயர் தன் முதல் ஆண்டிலேயே பேரழிவு ஆயுதத்தைத் துறக்கும் வாக்குறுதியின்கீழ் நின்றது.

1994-இல் லுகஷென்கா அதிபரானார். கிராவ்சன்காவின் அமைச்சர் பதவி அத்தோடு முடிந்தது. பின்னர் அவர் ஜப்பானில் தன் நாட்டுத் தூதராக இருந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 2006-இல் மாஸ்கோவில் ரஷ்ய மொழியில் வெளியாயின. ‘பெலாருஸ் நாற்சந்தியில்’ என்று பொருள்தரும் அதன் தலைப்பில் உள்ள நாட்டுப் பெயரைக் கவனியுங்கள். ரஷ்யச் செய்தித்தாள்கள் பெலோருசியா என்றே எழுதிக்கொண்டிருந்த நகரத்தில், ரஷ்ய மொழி நூலின் அட்டையில், அவர் பெலாருஸ் என்றே அச்சிட்டார்.

கொடி போயிற்று, பெயர் நின்றது

1991 செப்டம்பர் 19 அன்று உச்ச சோவியத் மூன்றைத் தேர்ந்தது: பெயர், வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கொடி, குதிரைவீரன் பொறித்த ‘பஹோனியா’ இலச்சினை. 1995 மே 14 அன்று நடந்த வாக்கெடுப்பில் கொடியும் இலச்சினையும் விலக்கப்பட்டு, சோவியத் காலச் சின்னங்களைத் தழுவியவை வந்தன. ரஷ்ய மொழி பெலாருசியத்துக்குச் சமமான அரசு மொழியாயிற்று. நடைமுறையில் பெலாருசிய மொழி பள்ளிகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் பின்வாங்கியது. மூன்றில் இரண்டு போயின. பெயரை மட்டும் எவரும் தொடவில்லை. 2020-இல் தெருவுக்கு வந்த லட்சக்கணக்கானோரும் பெலாருஸ் வாழ்க என்றார்கள். அவர்களை ஒடுக்கிய அரசும் தன்னைப் பெலாருஸ் என்றே சொல்லிக்கொண்டது. அந்த நாட்டில் இரு தரப்புக்கும் பொதுவாக எஞ்சியவற்றுள் இந்தப் பெயர் ஒன்று.

உலகம் மெல்ல மெல்லக் காது கொடுக்கிறது. ஸ்வீடன் நூற்றாண்டுகளாக ‘வெள்ளை ரஷ்யா’ என்றே தன் மொழியில் சொல்லிவந்தது. 2019 நவம்பரில் அதன் வெளியுறவுத் துறை பெலாருஸுக்கு மாறியது. டென்மார்க் 2021-இல், நார்வே 2022-இல் மாறின. சீன மொழியில் ‘வெள்ளை’ என்ற எழுத்தோடு ரஷ்யாவின் பெயர் சேர்ந்திருப்பதைக் கண்ட பெலாருஸ் தூதரகம், ரஷ்யாவுக்குரிய எழுத்தை நீக்கி எழுதுமாறு 2018-இல் கேட்டுக்கொண்டது. லாத்விய மொழி இன்னும் வேறு வழியில் இருக்கிறது. ரஷ்யாவையே பழைய கிரிவிச்சிகளின் பெயரால் ‘க்ரியேவியா’ என்று அழைக்கும் அது, பெலாருஸை ‘பால்ட்க்ரியேவியா’ என்கிறது. லஸ்தோவ்ஸ்கி தன் நாட்டுக்குக் கேட்ட பெயரை அண்டை மொழி ரஷ்யாவுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

தமிழில் நம் நிலை என்ன? மாஸ்கோவிலிருந்து தமிழ் நூல்கள் வந்த காலத்தில் ‘பைலோரஷ்யா’ என்று படித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ‘வெள்ளை ரஷ்யா’ என்ற மொழிபெயர்ப்பும் சில நூல்களில் உண்டு. 1917-க்குப் பின் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெண்படையினரோடு இது வாசகரைக் குழப்பும் என்பதாலேயே விட்டுவிடத் தக்கது. இன்றைய நாளிதழ்கள் ‘பெலாரஸ்’ என்கின்றன. இது ஆங்கிலச் செய்தி வாசிப்பாளரின் ஒலிப்பிலிருந்து வந்தது. அந்த வடிவத்தில் பெரிய குறை ஒன்று இருக்கிறது: ‘ருஸ்’ காணாமற்போய்விடுகிறது. சொல்லின் அழுத்தம் விழும் இடமே அந்த ‘ரு’. லகரத்தின் அகரம் மக்களின் பேச்சுக்குச் சாட்சி. ரகரத்தின் உகரம் ஆயிரம் ஆண்டுப் பழமைக்குச் சாட்சி. இரண்டையும் எழுதிக் காட்டத் தமிழ் எழுத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

ஆகவே தமிழில் எழுதுவோருக்கும் செய்தி மொழிபெயர்ப்போருக்கும் பாடநூல் தயாரிப்போருக்கும் என் வேண்டுகோள் இது: பெலாருஸ் என்று எழுதுங்கள். அந்த நாட்டின் சட்டம் 1991-லேயே கேட்டுக்கொண்டதும் அதுதான்.